விண்ணேணியும் மலையடிவாரமும்

விண்ணுக்கு ஏணி வைக்கலாம் என்கிறது ஒரு நாவல். "வைக்கத்தான் வேண்டும்!" என்கிறது இளைஞர் குழாம். "தெய்வம் குடியிருக்கும் மலையில் கடப்பாரை போடுவதா?" என்று முகஞ்சுளிக்கிறார் முதியவர் ஒருவர். "கதையா இது, கணக்குப் புத்தகமா?" என்று சலித்துக்கொள்கிறார் இன்னொருவர். "ஏணி இருக்கட்டும் ஐயா, அந்த மலையிலே கூலிவேலை பார்த்தவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்கிறார், ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்லும் குடும்பத்தில் பிறந்த கல்லூரி மாணவி ஒருவர்.

ஏலமலைக்கும் மேகமலைக்கும் நடுவே, திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கில், நண்பர்கள் கூடி ஒரு நாவலைப் பற்றிக் கருத்துரைத்த மாலையில் நம் செவியில் விழுந்த குரல்கள் இவை. அந்நாவல், ஆர்தர் சி. கிளார்க் 1979 இல் வெளியிட்ட 'தி பவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்'. தமிழில் சொன்னால் சொர்க்கத்தின் நீரூற்றுகள். அறிவியற் புனைவுக்கு அளிக்கப்படும் ஹியூகோ, நெபுலா எனும் இரு பெரும் பரிசுகளையும் பெற்ற நூல். நூலின் தரத்தை அறிய நூலை மட்டும் புரட்டினால் போதாது. அது படித்தவர் நெஞ்சில் எதை எழுப்பிற்று என்பதையும் காணவேண்டும். ஆகவே நூலையும் வாசகரையும் ஒருங்கே வைத்துத் தீர்ப்புரைக்க முற்படுகிறோம்.

கிளார்க் நமக்கு முற்றும் அயலார் அல்லர். ஆங்கில நாட்டில் பிறந்து, 1956 இல் இலங்கைக்குக் குடிவந்து, 2008 இல் அத்தீவிலேயே கண்மூடியவர். தம் இறுதிச் சடங்கில் எந்த மதத்தின் சடங்கும் இடம்பெறக்கூடாது என்று எழுதிவைத்துச் சென்றவர். சொன்னபடியே வாழ்ந்து, வாழ்ந்தபடியே மறைந்த அந்த மாண்பு ஒன்றே, பகுத்தறிவாளர் அவரை நெருங்கிப் பார்க்கப் போதுமானது.

கதை இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நடக்கிறது. மார்கன் எனும் பொறியாளர், மண்ணிலிருந்து விண்வரை ஒரு கோபுரம் எழுப்ப விழைகிறார். அதற்கு ஏற்ற இடம் உலகிலேயே ஒரு மலையுச்சிதான். அந்த உச்சியிலோ பல நூற்றாண்டுகளாக ஒரு புத்தமடம்! பொறியாளர் கேட்கிறார், மடம் மறுக்கிறது. இந்த முட்டல்தான் நாவலின் முதுகெலும்பு.

'கணக்குப் புத்தகம்' என்று சலித்துக்கொண்ட நண்பருக்கு முதலில் விடை சொல்வோம். நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள், பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே தரையில் நிற்பவன் கண்ணுக்கு அது அசையாமல் நிற்கிறது. அங்கிருந்து கீழே ஒரு வடத்தை இறக்க வேண்டும். எடை சரிநிகராக இருக்க, எதிர்ப்புறம் மேல்நோக்கியும் ஒன்றை நீட்ட வேண்டும். கீழிறங்கிய முனை தரையைத் தொட்டுவிட்டால், அதுவே ஏணி! தீயைக் கக்கிக்கொண்டு கிளம்பும் ராக்கெட்டு வேண்டா. மாடிக்கு ஏறுவது போல் மின்தூக்கியில் ஏறலாம். எஃகு வடமானால் தன் எடை தாங்காமல் தானே அறுந்துவிடும். ஆதலால் வைரப் படிகத்தால் ஆன நூலிழை ஒன்றைக் கற்பனை செய்கிறார் ஆசிரியர். நிலநடுக்கோட்டில்தான் நிறுத்த வேண்டும் என்ற விதிக்கு அடங்கி, இலங்கைத் தீவையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' என்று பழம்பெயர் சூட்டுகிறார். புராணிகர் மலையைப் பெயர்ப்பார், காரணம் கேட்டால் சினப்பார். இவர் தீவையே பெயர்த்தார், காரணத்தையும் கையில் கொடுத்தார். இதுவன்றோ அறிவியற் கற்பனைக்கும் புராணக் கற்பனைக்கும் உள்ள வேற்றுமை! கணக்கு இந்நாவலுக்குச் சுமையன்று, அதன் அழகே அதுதான்.

அடுத்து, மதத்தை இழிவுசெய்கிறது இந்நூல் என்று மனம் நொந்த முதியவர். கதையில் வரும் மலைக்கு மூலம் இலங்கையின் சிவனொளிபாதமலை. அதன் உச்சியிலே பாறையில் ஒரு பள்ளம். புத்தரின் அடி என்பர் பௌத்தர். சிவனின் அடி என்பர் சைவர். ஆதாமின் அடி என்பர் இசுலாமியர். அடி ஒன்று, உரிமை கொண்டாடுவோர் பலர்! இதைக் கேலி செய்ய எண்ணியிருந்தால் ஆசிரியருக்கு வாய்ப்பு ஏராளம். அவரோ மடத்தின் தலைவரை அறிவும் அமைதியும் உடைய பெருமகனாகவே தீட்டியிருக்கிறார். வேற்றுலகிலிருந்து வரும் விண்கலம் ஒன்று மனிதரின் மதவாதங்களை அளவைநூல் கொண்டு அலசித் தள்ளும் பகுதி உண்டு. அங்கும் வசைமொழி இல்லை, வாதம்தான் உண்டு. வாதம் செய்வது இழிவுசெய்வதாகாது. எதிர்வாதம் கூற இயலாதபோதுதான், 'இழிவு' என்ற கூக்குரல் எழுகிறது என்பதை அப்பெரியவருக்குப் பணிவோடு சொல்லிவைக்கிறோம்.

இனி, நம் இளைஞர்கள். "மடம் காலியாயிற்று, கோபுரம் எழுந்தது, விஞ்ஞானம் வென்றது!" என்று கைதட்டினர். அவர்தம் ஆர்வத்தை மெச்சுகிறோம். ஆனால் அவர்கள் அந்த அத்தியாயத்தை மீண்டும் ஒருமுறை படிக்கவேண்டும். துறவிகள் மலையைவிட்டு இறங்கியது ஏன்? பொறியாளரின் வாதம் அவர்களை வென்றதாலா? இல்லை. பழங்கால மன்னனின் படையாகக் கருதப்பட்ட பொன்னிற வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை எட்டும் நாளில் மடம் தோற்றுவிடும் என்பது அங்கு வழங்கிவந்த பழங்கதை. முன்னாளில் விஞ்ஞானியாக இருந்த துறவி ஒருவர், கோபுர முயற்சியைக் கெடுக்கும் பொருட்டு வானிலைக் கருவிகளைக் கொண்டு புயலை ஏவுகிறார். அந்தப் புயலே வண்ணத்துப்பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது! துறவிகள் மூட்டை கட்டுகின்றனர்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கதவைத் திறந்தது அறிவா, ஆரூடமா? கிளார்க் இதனை நகைச்சுவையாகவே அமைத்திருக்கிறார். மடத்தையும் நகையாடுகிறார், நம்மையும் சற்றே நகையாடுகிறார். அதை வெற்றிவிழாவாகக் கொள்வது தவறு. சகுனத்தால் இன்று வென்றவன், சகுனத்தால் நாளை தோற்பான். மக்கள் மனம் மாறாமல் மலை கைமாறுவது, பகுத்தறிவின் வெற்றியாகாது.

எல்லாருக்கும் மேலான கேள்வியைக் கேட்டவர் அந்த மாணவியே. சிவனொளிபாதமலையின் சாரலெங்கும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே கொழுந்து பறிப்போர், தமிழகத்துச் சீமைகளிலிருந்து கடல்கடந்து சென்ற நம் மக்களின் வழித்தோன்றல்கள். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்து, நாடற்றவராக்கி நிறுத்தியது அவர்களைத்தான். கிளார்க் அரை நூற்றாண்டு வாழ்ந்த தீவின் இந்த உண்மை, நாவலின் முன்னரங்குக்கு வரவில்லை. மன்னன் இருக்கிறான், துறவி இருக்கிறார், பொறியாளர் இருக்கிறார்; மலையடிவாரத்து மக்கள் இல்லை. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிக் குமுளிக்கும் கம்பமெட்டுக்கும் அப்பால் ஏலக்காய் பறிக்கப் போகும் தாயின் மகளுக்குத்தானே இந்தக் குறை கண்ணில் படும்! பரிசு வழங்கியோர்க்குத் தோன்றாத திறனாய்வு, பள்ளத்தாக்கின் மகளுக்குத் தோன்றிற்று.

இந்தக் கேள்வி கற்பனை மலையோடு முடிவதன்று. இப்பள்ளத்தாக்கு, மலையைக் குடைந்ததால் பிழைத்த மண். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீர், அணையில் தேங்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது 1895 இல். பாரிசு நகரின் ஈஃபெல் கோபுரத்தை எண்ணி, விண்ணைத் தொடும் கோபுரத்தை ருஷ்ய ஆசிரியர் சியோல்கோவ்ஸ்கி கனவுகண்டதும் அதே 1895 இல்தான். அணை கட்டிய பென்னிகுவிக்குக்கு இங்கே பொங்கல் வைக்கின்றனர். வீடுகளில் படம் மாட்டுகின்றனர். 2013 இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபமும் எழுந்தது. நன்றி மறவாமை நல்ல பண்பு. ஆனால் பொறியாளரைத் தெய்வமாக்கிச் சூடம் காட்டும் கை, காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் மாண்ட கூலிமக்களுக்கு ஒரு பூவாவது போட்டதுண்டா? கிளார்க்கின் குறையை நாமும் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒரு சுரங்கத்தால் வாழ்ந்த அதே மாவட்டம், மற்றொரு சுரங்கத்தை மறுத்தது. போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்தருகே, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, 50,000 டன் இரும்புக் கருவியை நிறுவி நியூட்ரினோவை ஆராயும் திட்டத்துக்கு, 2015 இல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. செலவு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். ஊரார் எதிர்த்தனர். புலிகள் நடமாடும் காட்டுவழியைக் காரணங்காட்டி, இசைவளிக்க இயலாதென்று 2022 இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் கூறியது.

அன்று சிலர், 'நியூட்ரினோ கதிர் ஊரை அழிக்கும்' என்று அச்சம் பரப்பினர். அது அறியாமை. ஒவ்வொரு நொடியும் கோடிக்கணக்கான கோடி நியூட்ரினோக்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. யாதொரு தீங்கும் இல்லை. 1965 இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் அதன் தடயத்தைக் கண்ட நாடு இது. ஆனால் வேறு சிலர், எதிர்த்தவர் அனைவரையும் 'பட்டிக்காட்டு மூடர்' என்றனர். அது ஆணவம். பாறையை வெடித்தால் அணை என்னாகும், தண்ணீர் யாருடையது, மேய்ச்சல் நிலம் எங்கே போகும் என்ற கேள்விகளில் மூடம் ஏது? அவை விடை கோரும் கேள்விகள். முதற்சுரங்கம் தங்கள் வயலுக்கு நீர் கொண்டுவரும் என்பது உழவனுக்குப் புரிந்தது. இரண்டாவது சுரங்கம் என்ன தரும், எதை எடுக்கும் என்பதை அவன் நெஞ்சில் பதியும்படி எடுத்துரைக்கவில்லை. அச்சத்துக்கு விடை அறிவு. உரிமைக்கு விடை நீதி. ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைக் காட்டுவது ஏய்ப்பு.

ஆகவே நம் தீர்ப்பு இது: கிளார்க்கின் நாவல் படிக்கத்தக்கது, இளைஞர் கையில் தவழத்தக்கது. வானத்தை வழிபடாதே, அளந்து பார் என்று கற்பிக்கிறது. மலையுச்சியில் நின்று மேலே நோக்கும் கண் அதற்கு உண்டு. மலையடிவாரத்தைக் குனிந்து பார்க்கும் கண் குறைவு. அந்தக் கண்ணை வாசகர் தரவேண்டும். அம்மாணவி தந்தார்.

இளைஞர்களே! விண்ணுக்கு ஏணி ஒருநாள் எழும். எழட்டும், அதன் முதற்படியில் நம்மவரும் நிற்கட்டும். ஆனால் ஏணி ஊன்றும் மண்ணில் குடியிருப்போரிடம் முதலில் போய் நில்லுங்கள். அவர்கள் அஞ்சினால் விளக்குங்கள். அவர்கள் கேட்டால் விடை சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்!