கடற்கட்டியின் மந்திரமும் மூன்றிலொரு பங்கும்

நமது விமர்சனத்திலே ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. கதையில் வரும் உழைப்பாளி கைகூப்பி நின்றால், ‘மூடநம்பிக்கை’ என்ற ஒரு சொல்லால் அதை ஒதுக்கிவிட்டு நாம் மேலே செல்கிறோம். எதிரணியினரோ அதே கைகூப்பலைக் கண்டு, ‘மண்ணின் ஆன்மிகம்’ என்று மனமுருகுகின்றனர். அவன் எந்த வேலைக்குப் புறப்படும்போது கும்பிடுகிறான், அந்த வேலையின் ஆபத்து யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்று இரு சாராரும் கேட்பதில்லை. இக்கேள்வியை எழுப்பாத விமர்சனம் எவ்வளவு வறுமையானது என்பதற்கு எமது மன்னார்க் கரையின் முத்துக்குளிப்பே சான்று.

முதலில் வரலாற்றை நோக்குவோம். கல்லொன்றைக் காலிற் பற்றிக் கயிற்றோடு கடலடிக்கு இறங்கும் குளியாளி, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் சிப்பிகளைக் கூடையில் நிரப்பி மேலெழ வேண்டும். ஒரு நாளிற் பன்முறை அவன் இவ்வாறு இறங்குவான். மூச்சடக்கும் திறன் அவனுடையது. கயிற்றை இழுக்கும் கை அவன் தோழனுடையது. சுறாவோ எவர் கைக்கும் அகப்படாதது. இந்த அச்சத்தின் மீதுதான் ‘கடற்கட்டி’ என்னும் பதவி எழுந்தது. மந்திரத்தாற் சுறாக்களின் வாயைக் கட்டுபவன் அவன்.

1807இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் ஜேம்ஸ் கோர்டினர் இக் கடற்கட்டிகளைப் பற்றி எழுதியுள்ளார். அவர்களுக்குச் சம்பளம் அளித்தது அரசாங்கம். ஒருவன் தலைமைப் படகிற் கடலுக்குச் செல்வான். மற்றவன் படகுகள் திரும்பும் வரை கரையில் ஓர் அறையுள் அடைபட்டு, பித்தளைப் பாத்திர நீரில் இரு வெள்ளி மீன்களை இட்டுச் சடங்கு செய்வான். அவன் மனம் கோணினால் சுறாக்களை ஏவிவிடுவான் என்ற அச்சமும் இருந்ததால், காணிக்கைகளுக்குக் குறைவிருக்கவில்லை. அரை நூற்றாண்டின் பின் எழுதிய எமர்சன் ரெனன்ற், அக்காலக் கடற்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர் என்கிறார். இந்துவும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அவர் மந்திரத்தை ஒருங்கே நம்பினர். மதங்களைப் பிரித்த கோட்பாடுகள் கரையிலேயே நின்றுவிட்டன. ஒரே ஆபத்தை எதிர்நோக்கியவர்களுக்கு ஒரே காப்புப் போதுமானதாயிற்று.

இதனினும் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி மார்க்கோ போலோவிடம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடலைப் பற்றிக் கூறிய அவர், மீன்களைக் கட்டும் அந்தணருக்கு வணிகர் இருபதிலொரு பங்கு கொடுத்தனர் என்கிறார். அம்மந்திரம் பகலில் மட்டுமே செல்லும். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். கட்டவிழ்ந்த கடலில் இரவிலே களவாகக் குளிக்க எவன் துணிவான்? பகலிற் குளியாளிக்கு நெஞ்சுரம் தந்த அதே நம்பிக்கை, இரவில் முதலாளியின் சொத்துக்குக் காவல் நின்றது. மதத்தின் இரு முகங்களையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேறொன்று வேண்டுமா?

இனி இலக்கியத்துக்கு வருவோம். 1863இல் பாரிஸ் நகரில் அரங்கேறிய ‘முத்துக்குளிப்போர்’ என்னும் இசைநாடகம் இலங்கைக் கடற்கரையைக் களமாகக் கொண்டது. இசையமைத்தவர் பிஸே. குளிப்பவர்களுக்குத் தீங்கு நேராதபடி, முகத்திரையிட்ட கன்னிப் பூசாரினி லெய்லா பாறை மீது நின்று பாடுகிறாள். ஆக, தொழிலின் அச்சமும் வழிபாடும் பிணைந்திருப்பதை நாடகாசிரியர்கள் எவ்வாறோ அறிந்திருந்தனர். ஆனால் அறிந்ததை என்ன செய்தனர்? பூசாரினியின் விரதத்தையும் இரு நண்பர்களின் காதற் போட்டியையும் முன்னிறுத்திக் கடலைத் திரைச்சீலையாக்கினர். உண்மையான சலாபத்திலோ, கரைக்கு வந்த சிப்பிகள் ‘கொட்டு’ எனப்படும் அடைப்பில் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டன. இரண்டு அரசாங்கத்துக்கு; மூன்றாவதே குளித்தவர் தரப்புக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. மேடையிலே வழிபாடு உண்டு. அந்தக் குவியல்கள் இல்லை. பங்கீட்டை மறைத்துவிட்டுப் பிரார்த்தனையை மட்டும் காட்டும் கலை, எத்துணை இனிய இசையுடையதாயினும், அரை உண்மையே.

லெனார்ட் வூல்ஃப் வேறு இனத்தவர். இங்கு சிவில் உத்தியோகத்தராயிருந்து 1906ஆம் ஆண்டுச் சலாபத்தில் நேரே பணிபுரிந்தவர். 1921இல் வெளிவந்த ‘முத்துக்களும் பன்றிகளும்’ என்ற அவரது சிறுகதையில் அழுகும் சிப்பியின் நாற்றமும் ஈக்களும் உண்டு. இரு பங்கை எடுத்துக்கொள்ளும் அரசாங்கமும் உண்டு. கடலில் இறந்த அரபுக் குளியாளி ஒருவனின் சடலத்தைத் தோழர் கரைக்குக் கொணர்கின்றனர். முதியவர் ஒருவர் ‘எல்லாம் முடிந்தது’ என்னும் பொருள்படச் சில சொற்கள் கூறுகிறார். துயரம் அமைதியில் அடங்குகிறது. அதே வேளையில் வெள்ளையன் ஒருவன் தன் பழைய கொடுமைகளைப் பிதற்றியபடி சாகிறான். கிழக்கைத் திருத்த வந்தோர் என்ற இறுமாப்பை இவ்வளவு கூர்மையாகத் தாக்கிய ஆங்கிலக் கதைகள் அரிது. இப்பெருமையை நாம் தயக்கமின்றி அவருக்கு அளிக்க வேண்டும்.

எனினும் அவர் பார்வையும் கரையோடு நின்றுவிடுகிறது. நம்பிக்கை அவருக்கு மரணத்தின் பின் வரும் கண்ணியமாகவே தெரிகிறது. மரணத்தை எதிர்நோக்கி நாள்தோறும் நீரில் இறங்குபவனின் கருவியாகத் தெரியவில்லை. மாலினோவ்ஸ்கி என்னும் மானிடவியலாளர் துரோபிரியாந்துத் தீவுகளிற் கண்டது இங்கு துணைபுரியும். பாதுகாப்பான களப்பில் மீன்பிடிப்போரிடம் மந்திரம் இல்லை. ஆபத்து மிக்க திறந்த கடலுக்குச் செல்வோரிடமே அது செறிந்திருந்தது. அறிவும் திறனும் எட்டும் எல்லை வரை மனிதன் அவற்றையே நம்புகிறான். எல்லைக்கு அப்பாலேதான் மந்திரம் தொடங்குகிறது. மதத்தை அபினி என்ற மார்க்ஸ், அதே இடத்தில் அதை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் கண்டார். நம்மவர் பலர் அபினியை நினைவில் வைத்துப் பெருமூச்சை மறந்துவிட்டனர்.

சென்ற ஆண்டு உயர்தர வகுப்பில் கடற்கட்டியைப் பற்றிச் சொன்னபோது மாணவர் சிரித்தனர். கடற்றொழிலாளி ஒருவரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. “அப்பா கும்பிடாமக் கடலுக்குப் போகமாட்டார் சேர். ஆனா எஞ்சினைப் பாக்காமலும் போகமாட்டார்” என்றாள். வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியில் நானும் ஒரு மாணவனாகவே நின்றேன். பரீட்சைப் பெறுபேறு வரும் வாரத்தில் மெழுகுதிரி ஏற்றும் ஆசிரியரையும் எனக்குத் தெரியும். நேர்த்தி வைக்கும் ஆசிரியரையும் தெரியும். நாம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இதனால் நம்பிக்கையைக் கேள்விக்கு அப்பால் வைத்துவிட வேண்டும் என்பதல்ல. கும்பிடு அவர் கையை நடுங்காமல் வைக்கலாம்; எரிபொருளின் விலையை இறக்காது. இழுவைமடிகள் அறுத்த வலையை அது மீட்டுத் தராது. 2017இல் இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது ஜெபத்தால் அன்று. கடற்றொழிலாளர் பல்லாண்டு எழுப்பிய குரலும் அதற்குக் காரணம். அச்சட்டம் கடலில் முழுமையாக நடைமுறையாவதற்கும் அக்குரலே வேண்டும். கடற்கட்டிக்குச் சம்பளம் கொடுத்த அரசாங்கம் குளியாளியின் பங்கை உயர்த்த விரும்பவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. மந்திரத்தின் செலவு அதற்கு மலிவாயிருந்தது.

ஆகவே எமது கரையை எழுதப் புகும் இளம் எழுத்தாளரிடம் நான் வேண்டுவது இதுவே. படகேறுபவர் நெற்றியில் இடும் சிலுவையை எழுதுங்கள். அவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதையும் எழுதுங்கள். கரை திரும்பியதும் அவரது மீனுக்கு விலை சொல்பவர் யார் என்பதையும் விட்டுவிடாதீர்கள். இம்மூன்றும் ஒரே கதையில் இடம்பெறும் நாளில், எமது யதார்த்த இலக்கியம் மன்னார்க் கடலின் ஆழத்தைத் தொட்டிருக்கும்.