பத்தாண்டு எழுதிய முதல் நாவல்

சென்ற பருவத்தில் இறுதியாண்டு மாணவர் ஒருவர் நமது அறைக்கு வந்தார். மேசைமேல் கிடந்த பருமனான ஆங்கில நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது மந்திரவாதிகளைப் பற்றிய கதை அல்லவா? போதகர் ஒருவர் இதை வாசிக்கலாமா?" என்று வினவினார். வினா நியாயமானதே. உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தை அறிந்த எவரும் அவ்வாறு கேட்பர். "வாசித்துவிட்டு வந்து நீரே சொல்லும்" என்று நூலை அவரிடமே கொடுத்தனுப்பினோம். அது திரும்பி வர நான்கு மாதங்கள் ஆயின. அவர் சொன்ன விடையைப் பின்னர்க் குறிப்பிடுவோம்.

அந்நூல் சுசான்னா கிளார்க் அம்மையார் எழுதிய 'ஜோனத்தன் ஸ்ட்ரேஞ்சும் திரு. நோரலும்' என்பதாகும். 2004-ஆம் ஆண்டில் புளூம்ஸ்பரி பதிப்பகத்தார் வெளியிட்டனர். அதிகற்பனை நாவல் என்னும் வகையைச் சேர்ந்தது. ஆசிரியைக்கு இதுவே முதல் நாவல். எனினும் வெளியான ஆண்டிலேயே புக்கர் பரிசுக்குரிய நெடும்பட்டியலில் இடம்பெற்று, மறு ஆண்டு ஹ்யூகோ விருதையும் பெற்றது. இதன் கதையை விரித்துரைப்பது நமது நோக்கமன்று. இது எழுதப்பட்ட விதத்தையும், அவ்விதம் நூலின் உருவில் பதிந்துள்ளதையும் இறையியல் பயில்வோர் முன் வைக்க விரும்புகிறோம்.

கிளார்க் 1959-இல் நாட்டிங்காம் நகரில் மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். தந்தையாரின் இடமாற்றங்களோடு வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர் ஊராக வளர்ந்தார். குருமனைப் பிள்ளைகளின் நிலை நம் வாசகர்களுக்கு விளக்கப்பட வேண்டியதில்லை. பள்ளித் தோழரைப் பெயர்சொல்லி அழைக்கப் பழகுமுன் பெட்டி கட்டப்படும். அத்தகைய பிள்ளைகளுக்குப் புத்தகங்களே நிலையான ஊர் என்பதை நமது வீட்டிலேயே கண்டிருக்கிறோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் பயின்று, பதிப்பகங்களில் பணியாற்றி, இத்தாலியின் டூரின் நகரிலும் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவோவிலும் ஆங்கிலம் கற்பித்தபின், 1992-இல் அவர் தாயகம் திரும்பினார். வடகடலை நோக்கிய வீடொன்றில் தங்கியிருந்த நாட்களில் மந்திரவாதம் பற்றிய நாவல் ஒன்று அவர் உள்ளத்தில் உருக்கொண்டது. 1993 முதல் கேம்பிரிட்ஜில் ஒரு பதிப்பகத்தில் சமையல் நூல்களைச் செப்பனிடும் வேலை கிடைத்தது. பத்தாண்டுக் காலம் அவ்வேலையில் இருந்தார். நாவலோ விடியற்காலையிலும், அலுவல் விட்டெஞ்சிய நேரத்திலுமே எழுதப்பட்டது. உப்பும் வெண்ணெயும் எத்தனை கரண்டி என்று பகலெல்லாம் சரிபார்த்த அதே கண்கள், விடியலில் ஆயிரம் ஆண்டு மந்திர வரலாற்றை வகுத்துக்கொண்டிருந்தன.

அவருடைய எழுத்துப் பழக்கத்தில் நாம் மிகவும் கருத வேண்டியது யாதெனில், அவர் முதல் அதிகாரத்தில் தொடங்கி இறுதி அதிகாரம்வரை நேராக எழுதிச் சென்றவர் அல்லர் என்பதே. ஒரு காட்சி, ஓர் உரையாடல், ஒரு பழங்கதை எனத் துண்டு துண்டாக எழுதி வைத்தார். பின்னர் அத்துண்டுகளை இசைத்துத் தைக்கப் பெரும்பாடு பட்டார். தொடக்கக் காலத்தில் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோது, சிறுகதை ஒன்று கொண்டுவரும்படி கேட்கப்பட்டது. அவரிடம் சிறுகதை இல்லை. நாவலின் கட்டுகளே இருந்தன. அக்கட்டிலிருந்து பிரித்தெடுத்து அமைத்த கதையே பின்னர் 1996-இல் தொகுப்பு நூலொன்றில் அச்சேறி அவரை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தது. முற்றுப்பெறாத நாவலை இரு பதிப்பகங்கள் விலைபோகாது என்று தள்ளின. 2003-இல் அதனை ஏற்ற புளூம்ஸ்பரியாரோ இரண்டரை இலட்சம் படிகளை அச்சிட்டனர்.

இந்நூலில் ஏறத்தாழ இருநூறு அடிக்குறிப்புகள் உள. அவற்றுட் சில பக்கத்தையே விழுங்கிவிடுகின்றன. இல்லாத நூல்களின் பெயரும், இல்லாத அறிஞரின் பூசலும், சிறுசிறு தேவதைக் கதைகளும் அங்கே நிறைந்திருக்கின்றன. சில திறனாய்வாளர் இதனைப் புலமை விளையாட்டு என்பர். நமக்கோ இது துண்டு துண்டாக எழுதுபவரின் நேர்மையாகவே தோன்றுகிறது. கதையின் ஓட்டத்துக்குள் அடங்காத துண்டுகளை அவர் எறிந்துவிடவில்லை. ஓட்டத்துக்குள் வலிந்து திணிக்கவுமில்லை. அவற்றுக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் இடம் அளித்தார். அருளுரை ஆயத்தம் செய்யும்போது கண்டதையெல்லாம் மேடைக்கு ஏற்றிவிடும் நாம் (எழுதுகிறவரும் இதில் அடக்கம்) இதைக் கண்டு சற்றே வெட்கப்படலாம்.

கதை 1806-ஆம் ஆண்டு யார்க் நகரில் தொடங்குகிறது. அங்கே மந்திரவாத அறிஞர் சங்கம் ஒன்று உண்டு. மாதந்தோறும் கூடி, மந்திர வரலாறு குறித்து நீண்ட கட்டுரைகள் படிப்பர். அவர்களுள் ஒருவரேனும் ஒரு சிறு மந்திரமும் செய்ததில்லை. புதிதாக வந்த செகண்டஸ் என்னும் எளிய மனிதர் எழுந்து, இங்கிலாந்தில் இப்போது ஏன் மந்திரம் நிகழ்வதில்லை என்று கேட்கிறார். சங்கத்தார் சினங்கொள்கின்றனர். கற்பதே அறிஞன் கடன், செய்வது அவனுக்கு அழகன்று என்பது அவர்தம் துணிபு.

இப்பகுதியை முதன்முறை வாசித்த இரவில் நாம் நூலை மூடி வைத்துவிட்டோம். இருபத்தைந்து ஆண்டுகளாக ஜெபத்தைப் பற்றி வகுப்பெடுத்து வருகிறோம். ஜெபத்தின் இறையியல், ஜெபத்தின் வரலாறு, ஜெபம் குறித்த ஜெர்மானிய அறிஞரின் கருத்துவேற்றுமை ஆகியவற்றில் தேர்வு வைத்து மதிப்பெண் இட்டிருக்கிறோம். செகண்டஸ் நமது வகுப்பில் எழுந்து நின்றிருந்தால் அவரை உட்காரச் சொல்லியிருப்போம் என்றே அஞ்சுகிறோம்.

சங்கத்தாருக்கு மறுதலையாக வருகிறவர் நோரல். அவர் உண்மையிலேயே மந்திரம் செய்ய வல்லவர். தாம் வீட்டில் இருந்தவாறே, யார்க் பேராலயத்தின் கற்சிலைகளைப் பேசவைக்கிறார். பன்னூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாலயத்துள் கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கல் ஓலமிடுகிறது. கற்கள் கூப்பிடும் என்ற நற்செய்தி வாக்கை அறிந்தோருக்கு இக்காட்சி எளிதில் மறக்காது. ஆயினும் அந்த அற்புதத்துக்கு நோரல் கேட்கும் விலை யாது? சங்கத்தார் அனைவரும் இனி மந்திரவாதம் பயில்வதில்லை என்று கையொப்பமிட்டுக் கலைந்து செல்ல வேண்டும். செகண்டஸ் ஒருவரே கையொப்பமிட மறுக்கிறார்.

நோரல் நாட்டிலுள்ள மந்திர நூல்களையெல்லாம் விலைகொடுத்து வாங்கித் தம் நூலகத்தில் பூட்டி வைப்பவர். மந்திரம் செய்தோர் எழுதிய நூல்கள் வேறு, மந்திரத்தைப் பற்றிப் பிறர் எழுதிய நூல்கள் வேறு என்று ஆசிரியை ஓரிடத்தில் வகுத்துக் காட்டுகிறார். முன்னவை அனைத்தும் நோரலிடம். பின்னவை மட்டுமே ஏனையோருக்கு. நூலகச் சாவியைக் கையில் வைத்திருக்கும் நம் போன்றோர் கவனிக்கத்தக்க வேறுபாடு இது. அவருடைய மாணாக்கராகிய ஸ்ட்ரேஞ்ச் நூலின்றியே துணிந்து செய்துபார்க்கும் இயல்பினர். ஆசானுக்கும் மாணாக்கருக்கும் இடையே எழும் அன்பும் பொறாமையும் இந்நாவலின் தலைசிறந்த பகுதி. நோரல் தீயவர் அல்லர். அஞ்சுகிறவர். அவ்வச்சத்தாலேயே, இறந்த ஒரு பெண்ணை உயிர்ப்பிக்கத் தேவதை ஒருவனிடம் அவளது வாழ்வின் பாதியை இரகசியமாய் விற்றுவிட்டு, அதனை மறைப்பதிலேயே காலங்கழிக்கிறார். அப்பெண்ணாகிய லேடி போல் தனக்கு நேர்ந்ததைச் சொல்ல வாய் திறக்குந்தோறும் தொடர்பற்ற பழங்கதைகளே வெளிவருகின்றன. கேட்போர் அவளைப் பித்துப் பிடித்தவள் என்கின்றனர்.

நூலின் மையத்தில் வின்குலஸ் என்னும் தெருவோரப் போலி மந்திரவாதி ஒருவன் வருகிறான். அவனுடைய தந்தை குடிவெறியில் விலைமதிப்பற்ற மந்திரநூல் ஒன்றைத் தின்றுவிட்டவன். அந்நூலின் எழுத்துகள் மகனுடைய தோலில் பதிந்து பிறக்கின்றன. நோரல் நாடெங்கும் தேடியும் கிட்டாத நூல், அவர் இழிவாக எண்ணித் துரத்திய மனிதனின் உடலாகவே இருந்தது. சுருளைப் புசித்த எசேக்கியேலையும், மையினால் எழுதப்படாத நிருபம் பற்றிப் பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதியதையும் நாம் நினையாமல் இருக்கவியலாது. குருமனையில் வளர்ந்த ஆசிரியை அவற்றைக் கேட்டிராமல் இருந்திருப்பாரோ?

குறைகளும் உண்டு. முதல் மூன்றிலொரு பங்கு மிக மெதுவாய் நகர்கிறது. ஸ்ட்ரேஞ்ச் கதைக்குள் வருமுன் பலர் நூலைக் கைவிட்டிருப்பர். ஜேன் ஆஸ்டின் காலத்து நடையையும் பழைய எழுத்துக்கூட்டலையும் ஆசிரியை விடாது கையாள்வது தொடக்கத்தில் இனிக்கிறது. போர்க்களக் காட்சிகளில் அதுவே கொலையையும் புன்முறுவலோடு சொல்ல வைத்துவிடுகிறது. நமக்கு முக்கியமான குறை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து இங்கிலாந்தை இத்துணை நுணுக்கமாகத் தீட்டியவர், அந்நாட்டின் பக்தியை ஏறக்குறைய விட்டேவிட்டார். குருமார் விருந்து மேசைகளில் அமர்ந்திருக்கின்றனர். வில்பர்ஃபோர்ஸும் வெஸ்லியின் வழிவந்தோரும் நாட்டைக் கலக்கிய காலமல்லவா அது? மந்திரம் வந்து நம்பிக்கையின் இருக்கையில் அமர்ந்துகொண்டது. நமது மாணவரும் நூலைத் திருப்பித் தந்தபோது, "மந்திரம் எனக்கு இடறலாக இல்லை ஐயா, ஒருவரும் ஜெபிக்காததுதான் இடறலாக இருந்தது" என்றார். சிறந்த திறனாய்வு என்று அவரிடம் சொன்னோம்.

நூல் வெளிவந்த மறு ஆண்டிலேயே கிளார்க் நோயுற்றார். நீங்காச் சோர்வு நோய் என்று மருத்துவர் கண்டனர். ஆண்டுக்கணக்கில் எழுதவியலாது கிடந்தார். லேடி போலின் கதையை எழுதியவர், ஏறத்தாழ அவளது நிலையிலேயே அறைக்குள் அடைபட்டார் என்பது நம்மைக் கலங்கச் செய்கிறது. அடுத்த நாவல் 'பிரனேசி' வெளிவர 2020-ஆம் ஆண்டாயிற்று. 2021-இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. முன்னதன் மூன்றிலொரு பங்குக்குச் சற்றே மிகுந்த அளவினது. அடிக்குறிப்புகள் உதிர்ந்துவிட்டன. முடிவற்ற மண்டபங்களில் தனித்து வாழும் ஒருவன், தன் நாட்குறிப்புகளுக்கு எண்ணிட்டு அட்டவணையும் எழுதி வைத்து, தான் வாழும் இடத்துக்கு நன்றி செலுத்துவதே கதை. வலிமை குன்றியவர் தமக்கு எட்டும் அளவில் எழுதியது. நமது மதிப்பில் முதல் நாவலினும் உயர்ந்தது இதுவே. ஆனால் அந்தப் பத்தாண்டு இல்லாமல் இது பிறந்திராது.

2024-இல் அவர் சிறு நூலொன்று வெளியிட்டார். கிறிஸ்துமஸ் காலத்து வானொலிக்காக எழுதிய கதையின் அச்சுருவம் அது. பனிபெய்யும் காட்டில் நாய்களோடும் ஒரு பன்றியோடும் நடந்துசெல்லும் மெரோடிஸ் என்னும் இளம்பெண், காடும் ஆலயமும் தனக்கு ஒன்றே என்கிறாள். குழந்தை ஒன்றை ஏந்திநிற்க ஏங்குகிறாள். முதல் நாவலில் நாம் தேடிக் காணாத ஆலயக் கதவு, இருபது ஆண்டு கழித்து இங்கே சிறிதளவு திறந்திருக்கிறது. இந்நூலையும் அம்மாணவரிடம் கொடுத்திருக்கிறோம். அவர் இப்போது ஒரு சிற்றூர்ச் சபையில் உதவிப் போதகர். இன்னும் பதில் எழுதவில்லை.