ஓர் எழுத்தைத் திருத்த ஒரு விண்ணப்பம்

ஆவணங்களை விக்கியிலிருந்து பெயர்த்து எடுத்து கிட் களஞ்சியத்தில் வைப்பது மென்பொருள் குழுக்களிடையே முதிர்ச்சியின் அடையாளமாகிவிட்டது. நிரலுக்கு என்ன ஒழுங்கோ அதே ஒழுங்கு ஆவணத்துக்கும் வேண்டுமாம். கணக்கு வைத்திருந்த எவரும் திருத்தக்கூடியதாக இருந்த மோசில்லாவின் எம்டிஎன் விக்கி 2020 டிசம்பரில் கிட்ஹப்புக்குக் குடிபெயர்ந்த பிறகு, இதை எதிர்த்துப் பேசுகிறவர் பழைய காலத்து ஆள் என்றே ஆகிவிட்டது.

ஆதாயம் இல்லாமல் இல்லை. நூறு பக்கங்களில் வரும் ஒரு பெயரை ஒரே கமிட்டில் மாற்றிவிடலாம். இணையம் கிடைக்காத ரயில் பயணத்திலும் எழுதலாம். சர்வர் படுத்துவிட்டாலும் பத்துப் பேர் கணினியில் முழுப் பிரதி இருக்கும். விளம்பரக் குப்பையும் குறையும். குறையும், அவ்வளவுதான்: 2020-இல் ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூலப் பங்களிப்பு விழாவில் ஒரு டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ கோப்புகளில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டுகளில் மூழ்கியவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் இந்த முறையின் ஆதரவாளர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் வேறு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வரலாறு கிடைக்கிறதாம். விக்கியில் அது எப்போது இல்லாமல் இருந்தது? தமிழ் விக்கிப்பீடியாவில் எந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தாலும், யார், எந்த நாளில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பது வரிசையாக வந்து நிற்கும், வேண்டாததை மீளமைக்கலாம். எம்டிஎன் விஷயம் இன்னும் வேடிக்கை. விக்கியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த திருத்த வரலாறு புதிய களஞ்சியத்துக்கு வந்து சேரவில்லை. பங்களித்தவர்களின் பெயர்களும் கடைசித் தேதியும் ஒரு கோப்பில் வந்தன. வரலாற்றைக் காக்கும் கருவிக்குப் போகிற வழியில் வரலாறு தொலைந்தது.

அப்படியானால் புதிதாக வந்தது என்ன? வாசலில் ஒரு காவல். விக்கியில் திருத்தம் முதலில் பதிவாகும். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைக் கவனிப்பவர்கள் பிறகு பார்ப்பார்கள். புல் ரிக்வெஸ்ட் முறையில் பார்வை முதலில், பதிவு பிறகு. ஓர் ஒற்றெழுத்தைத் திருத்த வந்தவர் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து, கிளை பிரித்து, கமிட்டுக்கு வாசகம் எழுதி, தானியங்கிச் சோதனைகள் பச்சை காட்டும் வரை பொறுத்து, யாரோ ஒருவர் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். கிட்ஹப்பில் பென்சில் குறியை அழுத்தினாலே போதுமே என்பார்கள். அது ஃபோர்க்கையும் கிளையையும் நமக்காகப் போட்டுத் தரும். காத்திருப்பை யார் குறைப்பது?

அந்தக் காத்திருப்பில் இழப்பது சாதாரண ஆளை அல்ல. நிறுவல் கையேட்டின் மூன்றாம் கட்டளை வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பவர் முதல் நாள் வந்த புதியவர். ஆறு மாதத்தில் அவர் கிட்டைக் கரைத்துக் குடித்திருப்பார். ஆனால் எங்கே தடுக்கி விழுந்தோம் என்பது அவருக்கே மறந்திருக்கும். ஆவணத்தின் ஓட்டை தெரிகிற நாளில் அவருக்குக் கருவி தெரியாது. சரிபார்க்கும் தன்னார்வலரோ ஓய்வு நேரத்தில் வந்து, ‘வரி நீளம் 80 எழுத்தைத் தாண்டுகிறது’ என்று எழுதிவிட்டுப் போவார். திருத்தம் அனுப்பியவர் திரும்பி வரமாட்டார். பிழையான நிரல் உள்ளே போனால் பொருள் உடையும், அங்கே காவல் சரி. பிழையான காற்புள்ளிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?

காவல் வாசலிலா, பிறகா என்ற பரிசோதனை ஏற்கெனவே நடந்து முடிந்ததுதான். 2000-இல் ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கிய நுபீடியா கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை ஏழு கட்டச் சரிபார்ப்பைத் தாண்ட வேண்டியிருந்தது. 2003-இல் அது மூடப்பட்டபோது தேறியவை சுமார் இரண்டு டஜன் கட்டுரைகள். அதே ஆட்கள் 2001 ஜனவரியில் காவலே இல்லாமல் திறந்துவிட்டது விக்கிப்பீடியா.

தமிழில் எழுதுகிறவருக்கு உபரித் தண்டனையும் உண்டு. தமிழில் பெயரிட்ட கோப்பை ‘கிட் ஸ்டேட்டஸ்’ \340\256 என்று எண்களாகக் கொட்டும். கிட்டின் ‘core.quotePath’ அமைப்பை அணைத்தால்தான் பெயர் தெரியும். ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் உள்ளிடலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. டிஃப் மட்டும் வரி மாறிவிட்டது என்று சாதிக்கும். பத்தி முழுதும் ஒரே வரியாக இருந்தால், ஒரு சொல்லை மாற்றியதற்குப் பத்தியே சிவப்பாகவும் பச்சையாகவும் எரியும். நிரலின் வரிகளுக்காகச் செய்த கருவி உரைநடையை இப்படித்தான் பார்க்கிறது.

இதற்கெல்லாம் கிட் மீது பழி போடவும் முடியாது. ஜோயி ஹெஸ் 2006-இல் தொடங்கிய, கிட்டின் மேலும் இயங்கும் விக்கி மென்பொருளான இக்கிவிக்கியில், உலாவியில் சேமிக்கும் திருத்தம் நேரே கமிட்டாகிவிடும். கருவி அனுமதிப்பதை வழக்கம் தடுக்கிறது. எனவே கிட்டுக்கு மாறத்தான் போகிறீர்கள் என்றால், ஆவணங்களைத் தனிக் களஞ்சியமாக வையுங்கள். மெயின் கிளையின் பூட்டைக் கழற்றுங்கள். கேட்கிறவருக்கெல்லாம் நேரடியாக எழுதும் அனுமதி கொடுங்கள். யாராவது கெடுத்தால் ‘கிட் ரிவர்ட்’ இருக்கிறது.