எழுந்து நில்லு, ஆனால் நிற்காதே

பாமாவின் 'கருக்கு' 1992ல் மதுரையிலிருந்து வெளிவந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் பசுமலைப் பக்கம் எனக்கு ரெண்டு குரல்தான் கேட்குது. சபைக்காரங்க, 'விசுவாசத்துல அரசியலைக் கொண்டாராதீங்க'ங்கிறாங்க. கட்சிக்காரங்க, 'அது உங்க கோயிலுக்குள்ள உள்ள தகராறு'ங்கிறாங்க. இரண்டு தரப்புமே நூலின் அரசியலைத் தாண்டிப் போய்விடுகின்றன.

நூலில் ஓரிடம். பள்ளியில் அரிசனப் பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளையும் கூனிக்குறுகி எழுந்து நிற்கிறது. ஞானஸ்நானம் அங்கே காப்பாற்றவில்லை. அப்படிப்பட்ட ஒரு பிள்ளை வளர்ந்து, கட்சியில் சேர்ந்து, இங்கே சோழவந்தான் தனித்தொகுதியில் நிற்கணும்னு கேட்டால்? 'நீ கிறிஸ்தவள், நிற்காதே' என்கிறது 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் 3ஆம் பத்தி. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. நமக்கும் தலித் முஸ்லிமுக்கும் இன்னும் திறக்கல. அவமானத்துக்கு எழுந்து நில்லு, அதிகாரத்துக்கு நிற்காதே!

கட்சிகளுக்கு இது வசதி. தேர்தல் வந்தால் ஆயரைப் பார்த்து, 'சிறுபான்மை ஓட்டு'ன்னு மொத்தமா எண்ணிக்கிறாங்க. அந்தக் கணக்கில் சேரி தெரியாது. தனித்தொகுதிக்கு ஆள் தேடும்போது சேரி தெரியும், ஆனால் சிலுவை போட்டவன் ஆகமாட்டான். 1990ல் இதே மதுரையில் தலித் பாந்தர் இயக்கத்துக்குத் திருமாவளவன் தலைமையேற்றார். 1999ல் அந்த இயக்கம் தேர்தலுக்கு வந்தது. சிறுத்தைக் கொடி பிடிக்க ஞானஸ்நானம் தடையில்லை. தனித்தொகுதி வேட்பாளராகத்தான் தடை.

1985ல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்வதற்கு ஆதாரம் கேட்டது. ஏழு வருசத்தில் 'கருக்கு' வந்தது. மடத்துக்குள்ளேயும் சாதி என்ன செய்யும் என்று, அங்கே இருந்து வெளியேறியவர் கொடுத்த சாட்சியம் அது. அதை ஒரு துறவியின் மனக்குமுறலாகப் படிப்பது சபைக்கும் சுகம், கட்சிக்கும் சுகம்.

நூலில் எனக்கொரு குறை உண்டு. சபையோடு தீர்த்த அளவுக்கு அது கட்சிகளோடு கணக்குத் தீர்க்கவில்லை. அந்தப் பாக்கி நம்ம எழுத்துக்கு இருக்கு. 2007ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதி உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. நல்லது. ஆனால் தோழர்களே, பொதுத்தொகுதியில் ஒரு தலித் கிறிஸ்தவரை நிறுத்த எந்தக் கட்சியும் டில்லியைக் கேட்கத் தேவையில்லை. ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல இதைக் கேளுங்க.