ஊருக்காகச் செய்த பிராயச்சித்தம்

புனேக்கு வந்து வணிகம் செய்பவன் நான். மராத்தியை முதலில் கடைப் பேரேட்டில் கற்றேன்; புத்தகத்துக்குப் பிறகுதான் போனேன். அப்படிப் படித்தவற்றில் மனதை விட்டுப் போகாத நூல், ரமாபாய் ரானடே தம் கணவர் மகாதேவ கோவிந்த ரானடேயைப் பற்றி எழுதி 1910-இல் வெளிவந்த நினைவுக் குறிப்பு. ‘பதிபக்திப் புத்தகம்’னு பலர் தள்ளிவிடுவார்கள். எனக்கோ, ஊர் ஒரு மனிதரை எப்படி வளைக்கிறது என்று காட்டும் நூலாகவே படுகிறது.

1890-இல் இதே புனேயில், பஞ்ச் ஹௌத் கிறித்தவ மிஷனில் ஒரு கூட்டம். வந்தவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். ரானடே, திலகர், கோகலே மூவரும் வந்திருந்தார்கள். கோபாலராவ் ஜோஷி என்பவர் வந்தவர்களின் பெயர்களைப் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார். வைதிகர்கள் கொதித்தார்கள், விவகாரம் சங்கராச்சாரியார் வரை போயிற்று. பிராயச்சித்தம் செய், இல்லையேல் சாதிவிலக்கு.

ரானடே அரசு நீதிபதி. அவர் சம்பளத்தில் ஊர் கைவைக்க முடியாது. ஆனாலும் 1892-இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். ஏன்? தம்மோடு மாட்டிக்கொண்ட நண்பர்களின் குடும்பங்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான். இதற்கு முன்பும் இப்படித்தான் நடந்தது. விதவை மறுமணத்துக்காகப் பேசியவர், முதல் மனைவி இறந்ததும் 1873-இல் தந்தை சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் சிறுமியான ரமாபாயை மணந்தார். ஊர் நேராக வந்து அடிப்பதில்லை. நமக்கு வேண்டியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறது. ரமாபாய் படிக்க உட்கார்ந்தபோது ஏசியவர்களும் வீட்டுப் பெண்களே!

நூலின் உயர்வு, இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னது. குறை, கணவர் தந்த நியாயத்தைத் தாண்டி ரமாபாய் கேள்வி கேட்காதது. தலைவரே பணிந்தால், அவரை நம்பித் தனியாக நின்ற சாதாரண மனிதன் என்ன ஆவான்? சீர்திருத்தக்காரர்களே அன்று ரானடேயைக் குறை சொன்னார்கள். அந்தக் குரல் நூலில் இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம்.

குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கடையடைப்பு நாளில், “எல்லாரும் சாத்தியாச்சு, நீங்க மட்டும் ஏன் அண்ணா?” என்றார் பக்கத்துக் கடைக்காரர். எனக்கு அந்தக் கடையடைப்பில் உடன்பாடில்லை. ஆனாலும் ஷட்டரை இறக்கினேன். கல்லுக்குப் பயந்தல்ல, நாளைக்கு அவர் முகத்தில் விழிக்கணுமே!

எங்கள் சமணத்தில் பிராயச்சித்தம் அகத்தவங்களில் ஒன்று. தான் செய்தது தவறென்று தன் மனமே உணர்ந்து செய்வது அது. ரானடே தவறென்று நினைக்காததற்குச் செய்தார். அவரிடம் இருந்தது கோழைத்தனம் அல்ல, இரக்கம். ஆனால் அந்த இரக்கத்தைத்தான் ஊர் ஆயுதமாக எடுத்துக்கொண்டது. நல்லவர்களைப் பணியவைக்க அதைவிடக் கூரான ஆயுதம் வேறில்லை. அன்பர்கள் இந்த நூலை ஒருமுறை படிக்க வேண்டும். படித்துவிட்டு, நாம் யாருக்காக எதைச் செய்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.