கடவுளை மறுத்த கோமான்

அகலம் நாலரை அங்குலத்துக்கும் குறைவு. நீளமோ ஏறத்தாழ நாற்பது அடி. துண்டுத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீட்டிய காகிதச் சுருள். இரு புறமும் எறும்பு ஊர்ந்தது போன்ற நுண்ணெழுத்து. 1785 அக்டோபர் 22ஆம் நாள் தொடங்கி, முப்பத்தேழு நாட்களில், பாஸ்டில் சிறையின் கொட்டடியில் எழுதப்பட்டது அது. 2017இல் பிரெஞ்சு அரசு அச்சுருளைத் தேசியச் செல்வம் என்று அறிவித்தது. 2021இல் 45 இலட்சத்து 50 ஆயிரம் யூரோ விலையில், செல்வர் ஒருவரின் கொடையைக் கொண்டு அதனைப் பெற்றுத் தேசிய நூலகத்தில் சேர்த்தது. இதே நாட்டில்தான், 1957 ஜனவரியில், அச்சுருளில் உள்ளதை அச்சிட்டு விற்ற பதிப்பாளர் ழான் ழாக் பொவேருக்கு நீதிமன்றம் தண்டம் விதித்தது; ஏடுகளைப் பறித்து அழிக்கவும் ஆணையிட்டது. அன்று அழிக்கத்தக்க நஞ்சு. அறுபத்துநான்கு ஆண்டுகள் கழிந்ததும் அரும்பொருள்! சுருளில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

எழுதியவன் மார்க்கி தெ சாட். 1740இல் பாரிசில், பழம்பெருங்குடியில் பிறந்த கோமான். 1814இல் ஷாரன்டன் பித்தர் விடுதியில் இறந்தவன். பிறர் துன்பத்தில் இன்பம் காணும் கொடுமைக்குச் சாடிசம் என்று, மருத்துவர் கிராஃப்ட் எபிங் இவன் பெயரையே மருத்துவச் சொல்லாக்கினார். சுருளில் உள்ள நூலின் பெயர் 'சோதோமின் 120 நாட்கள்'. முதன்முதல் அச்சேறியது 1904இல், ஜெர்மனியில்.

இவனை எரி என்போரை நாம் அறிவோம். அவர்கள் பழைய மனிதர்கள். அவர்தம் வாதமும் பழையது. இவனைத் தொழுவோரும் உளர். பாரிசின் கவிஞர் பலர் 'தெய்வீக மார்க்கி' என்றே அழைத்தனர். கடவுளை மறுத்தவனுக்குக் கிடைத்த பட்டம் தெய்வீகம்! நான் பேச வந்தது இவ்விரு கூட்டத்தாரையும் பற்றி அன்று. நம்மிடையே, படிப்பகங்களில், விவாத அரங்குகளில் எழும் மூன்றாவது குரலைப் பற்றி. "கடவுள் இல்லை என்றான், பாதிரியை எள்ளினான், கற்பு, பாவம், நரகம் என்னும் பூச்சாண்டிகளை உடைத்தான், மன்னனின் சிறையில் வாடினான். இவன் நம்மவன் அல்லனா?" என்று கேட்கிறது அக்குரல். கல்லூரி நாளில் என் நண்பர் ஒருவரே இப்படி முழங்கக் கேட்டிருக்கிறேன். நல்ல நண்பர்; வாதத்தில் வல்லவர். எனினும், அவர் கணக்கில் ஓர் ஆள் விட்டுப்போயிற்று.

அவள் பெயர் ரோஸ் கெல்லர். கணவனை இழந்தவள், வயது முப்பத்தாறு. பருத்தி நூற்றுப் பிழைத்தவள். வேலை இழந்து, 1768 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறன்று பாரிசின் விக்டோரி சதுக்கத்தில் பிச்சைக்குக் கையேந்தி நின்றாள். வீட்டு வேலை தருகிறேன் என்று கூறி, ஆர்க்கெய் என்னும் ஊரில் இருந்த தன் வீட்டுக்கு அவளை வண்டியில் அழைத்துச் சென்றான் சாட். கதவைப் பூட்டினான், கட்டாயப்படுத்தி ஆடை களையச் செய்தான், சவுக்கால் அடித்தான். அவள் படுக்கை விரிப்புகளை முடிந்து கயிறாக்கிச் சன்னல் வழியே இறங்கி, தோட்டத்துச் சுவரேறித் தப்பினாள். ஊர்ப் பெண்கள் அவளைத் தாங்கினர். அவளும் அதிகாரிகள்முன் துணிந்து வாக்குமூலம் தந்தாள்.

பின் நடந்தது என்ன? சாட் குடும்பம் 2,400 லிவர் கொடுத்து வழக்கை விலக்கிக்கொள்ளச் செய்தது. பாரிசின் உயர் நீதிமன்றம் அவனுக்கு விதித்தது 100 லிவர். சிறைவாசிகளின் உணவுக்கென்று அறம் செய்யவேண்டுமாம். ஏறத்தாழ ஏழு திங்கள் கோட்டைக் காவல். அதுவும் குடும்ப மானம் காக்க மன்னனிடம் கேட்டுப் பெற்ற காவல். நவம்பரில் விடுதலை.

1772இல் மார்செய் நகரம். விலைமகளிருக்கு மருந்து கலந்த இனிப்பு கொடுத்தான், சிலர் நோயுற்றனர். நஞ்சிட்டான், இயற்கைக்கு மாறான புணர்ச்சி செய்தான் எனத் தீர்ப்பு, மரண தண்டனை. ஆள் தப்பி ஓடிவிட்டதால் அவன் உருவப் பொம்மையை எரித்தார்கள். 1778இல் அத்தீர்ப்பும் கரைந்தது: கண்டிப்பு, 50 லிவர் தண்டம், மூன்றாண்டு மார்செய் பக்கம் வரக்கூடாது, அவ்வளவே. அதற்குப் பின்னும் அவனைச் சிறையில் வைத்திருந்தது மன்னனின் முத்திரைக் கடிதம். அதை வாங்கியவள், குடிப்பெருமைக்கு அஞ்சிய மாமியார்.

இனி மறுபக்கம் பாரீர். புரட்சி வந்தது, 1790இல் வெளியே வந்தான். 1791இல், பெயர் போடாமல், 'ஜஸ்டின்' வெளிவந்தது. நல்லவள் துன்புறுகிறாள், துன்புற்று, துன்புற்று, இறுதியில் இடி விழுந்து சாகிறாள். அவள் தமக்கை ஜூலியட்டோ தீமை செய்து செழிக்கிறாள். அவளுக்குத் தனி நூல். 1801 மார்ச்சில், நெப்போலியன் முதற் கான்சலாக ஆண்ட காலத்தில், பதிப்பாளரின் இடத்திலேயே சாட் பிடிபட்டான். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. அவ்வாறே பதின்மூன்று ஆண்டுகள், சாகும் வரை அடைப்பு.

கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும் தோழர்கள். ஏழைப் பெண்ணின் முதுகை உரித்த கைக்கு 100 லிவர். எழுதிய கைக்கு ஆயுள். ஒழுக்கத்தின் பெயரால் ஏட்டைத் தடை செய்த ஆட்சிகள் எதைக் காத்தன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ரோஸ் கெல்லரை அவை காக்கவில்லை. அவள் பட்ட அடி நாட்டின் ஒழுக்கத்தைக் குலைத்ததாக எந்த அமைச்சனும் பதறவில்லை. அச்செழுத்தில் வந்தபின்தான் பதறினார்கள்.

ஆகவே தடை என்னும் கூச்சலோடு நமக்கு உறவில்லை. அதனால் அவன் நம்மவன் ஆகிவிடுவானா?

நூலைத் திறந்து பார்ப்போம். 'சோதோமின் 120 நாட்க'ளின் தலைவர்கள் நால்வர். ஒருவன் டியூக், ஒருவன் அவன் உடன்பிறந்த ஆயர், ஒருவன் நீதிபதி, ஒருவன் பணமுதலை. கோமான், குருமார், நீதி, நிதி! பதினான்காம் லூயியின் போர்களில் மக்கள் இரத்தம் சிந்த, பணம் குவித்தவர்கள். கருங்காட்டின் நடுவே எட்டாத கோட்டை ஒன்றுக்குச் சிறுவர் சிறுமியரைக் கடத்திச் சென்று, பாலத்தை இடித்து, வாயிலை அடைத்துக்கொள்கிறார்கள். அதன்பின் நடப்பதை இந்த ஏட்டில் எழுத என் கை கூசுகிறது, எழுதவும் தேவையில்லை.

இந்நால்வரைத் தேர்ந்த கண் கூரிய கண் என்பதை மறுக்கமாட்டேன். அவர்கள் அங்கியை விலக்கிக் காட்டியதில் அவனுக்கு நிகர் இல்லை. ஒருவேளை, அவனும் அந்தக் குலத்தவன் என்பதால் வந்த தேர்ச்சி அது. ஆயின், காட்டியபின் அவன் எங்கே நிற்கிறான்? கடத்தப்பட்ட சிறுமியின் அருகிலா, டியூக்கின் தோளருகிலா? ஒவ்வொரு பக்கமும் விடை சொல்கிறது. டியூக் பேசுகிறான், நீதிபதி பேசுகிறான், தத்துவம் பொழிகிறார்கள். சிறுமிக்கு அழுகை உண்டு; சொல் இல்லை.

அக்கோட்டையின் சட்டத்தில் ஒரு விதி உண்டு. பகுத்தறிவாளர் கட்டாயம் கவனிக்கவேண்டியது. அடைபட்டோரில் யாரேனும் சிறு வழிபாட்டுச் செயல் புரிந்தாலும் மரண தண்டனை. கடவுள் அங்கே துரத்தப்பட்டார், உண்மை. ஆயினும் காலியான பீடத்தில் நான்கு சீமான்கள் ஏறி அமர்ந்துகொண்டார்கள்! அடிமை அடிமையாகவே இருந்தான். நாம் கடவுளை மறுப்பது, கடவுளின் பெயரால் ஒருவன் மற்றொருவன் முதுகில் ஏறக்கூடாது என்பதற்காக. சாட் மறுத்ததோ, முதுகில் ஏறுவதற்குக் கடவுளின் ஒப்புதல்கூடத் தேவையில்லை என்பதற்காக. இரண்டும் நாத்திகம்தான்.

அவன் எப்போதும் இப்படி எழுதினான் என்பதும் முழு உண்மை அன்று. 1782இல் வின்சென் சிறையில், 'பாதிரியும் சாகக் கிடப்பவனும்' என்று சிறு உரையாடல் எழுதினான். மன்னிப்பு வழங்க வந்த பாதிரியை, சாகக் கிடப்பவன் கேள்விகளால் மடக்குகிறான். தெளிந்த நடை, கூரிய தருக்கம். நீ எவ்வளவு இன்பம் விரும்புகிறாயோ அவ்வளவு இன்பம் பிறர்க்கும் நல்கு என்பதே போதிய அறம் என்று முடிவு கட்டுகிறான். முடிவில் பெண்களை அறைக்குள் அழைக்கும் குறும்பு இருக்கிறது, இருக்கட்டும். இச்சிறு நூல் 1926இல்தான் அச்சேறியது. நம் படிப்பகங்களில் சாட் நுழைவதானால் இந்த வாயில் வழியே நுழையட்டும். 1793இல் பாரிசின் வட்டாரக் குழு ஒன்றுக்குத் தலைவனாய் இருந்தபோது, கொடுந்தீர்மானம் ஒன்றை வாக்குக்கு விட மறுத்து நாற்காலியை விட்டு எழுந்தான். தன்னைச் சிறையிட்ட மாமியார் குடும்பத்தையே கொலைக்களத்திலிருந்து காத்தான். மிதவாதி என்று புரட்சி அரசு அவனையே சிறையில் தள்ளிற்று. இவற்றை மறைத்து அவனைத் திட்டுதல் நேர்மை ஆகாது.

ஆயினும் 1795இல் வந்த 'படுக்கையறைத் தத்துவ'த்தைப் படிக்கும்போது மனம் கசக்கிறது. குடியரசு வேண்டுவோருக்கு அறிவுரையாக அதில் ஒரு துண்டறிக்கை. மதத்தை ஒழி என்கிறான். மரண தண்டனையை ஒழி என்கிறான். எந்தப் பெண்ணும் ஒருவனின் உடைமை ஆகாள் என்கிறான். சரி என்று நாம் தலையசைக்குமுன், ஆகவே எந்த ஆடவனும் எந்தப் பெண்ணையும் வற்புறுத்தி நுகரலாம் என்கிறான்! பெண்ணுக்கும் கட்டற்ற இன்பம் உரியது என்று அடுத்தே எழுதுகிறான். ஆனால், மாட்டேன் என்று சொல்லும் உரிமை? தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

கலை என்ற அளவில் பார்த்தாலும் புகழுக்கு ஈடான சரக்கு இல்லை. 120 நாட்களில் நான்கில் ஒரு பகுதிக்கே முழுக் கதை உண்டு. எஞ்சியவை எண்ணிட்ட குறிப்புகள்: ஒன்று, இரண்டு, மூன்று என்று நீளும் பட்டியல். இறுதியில் செத்தவர் இத்தனை, திரும்பியவர் இத்தனை என்று கூட்டுத்தொகை வேறு. வகுப்பறையில் வருகைப் பதிவேடு எழுதும் எனக்கு அதன் சுவை புதிதன்று. அஞ்சுகிறோம், அருவருக்கிறோம், பிறகு கொட்டாவி விடுகிறோம்.

சிமோன் தெ பொவார் அம்மையார் 1950களின் தொடக்கத்தில் 'சாட் எரிக்கப்பட வேண்டியவரா?' என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். அவர் எரிக்கச் சொல்லவில்லை, தொழவும் இல்லை. பிறரை உயிருள்ள மனிதராக உணர முடியாத ஒருவன், அக்குறையையே தத்துவமாக்கி நம்முன் வைத்தான்; அதனால் மனிதனுக்கும் மனிதனுக்கும் என்ன உறவு என்ற கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது என்பது அவர் கருத்தின் சாரம். பெண்ணுரிமை பேசியோரிடையேயும் ஒரு முடிவு இல்லை. ஏஞ்சலா கார்ட்டர் 1970களின் இறுதியில் அவனிடம் பயன் கண்டார். 1981இல் ஆண்ட்ரியா டுவர்க்கின், ரோஸ் கெல்லரை மறந்துவிட்டு மார்க்கியைப் பாடும் ஆண் எழுத்தாளர் கூட்டத்தைக் கடுமையாகச் சாடினார். நான் டுவர்க்கின் பக்கம் சாய்கிறேன். பொவார் அம்மையாரையும் கைவிட மனமில்லை.

இங்கிலாந்தில் 1966இல் சிறுவர்களைக் கொன்ற இயன் பிரேடியின் வழக்கு நடந்தது. அவன் சாட் படித்தவன் என்று தெரிந்ததும், நாவலாசிரியர் பமேலா ஹான்ஸ்ஃபோர்ட் ஜான்சன், எல்லா ஏடும் எல்லார் கைக்கும் கிடைக்கத்தான் வேண்டுமா என்று கேட்டு ஒரு நூலே எழுதினார். ஏடு கொலைகாரனை ஆக்கிற்று என்று எவரும் நிறுவவில்லை. பிரேடி நாஜி ஏடுகளையும் விரும்பிப் படித்தவன். தடை வேண்டும் என்று நானும் கூறமாட்டேன். ஆயினும் அக்கேள்வியை நகைத்துத் தள்ள நமக்கு உரிமை இல்லை. ஏட்டால் மனம் மாறும், மனத்தால் நாடு மாறும் என்று நம்பித்தானே நாம் எழுதுகோல் பிடித்திருக்கிறோம்? நம் ஏட்டுக்கு மட்டும் வலிமை உண்டு, அவன் ஏட்டுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

1806இல் எழுதிய உயிலில், தன்னைக் காட்டில் புதைத்து, மேலே ஓக் மரத்து விதைகளைத் தூவிக் கல்லறையின் தடமே தெரியாமல் செய்யுமாறு சாட் கேட்டான். 1814 டிசம்பரில் இறந்தபோது கிறித்தவச் சடங்குடன் புதைத்தார்கள். அவன் பித்தர் விடுதியில் எழுதிய பெருநூல் ஒன்று காவலர் கையில் இருந்தது. அதை வாங்கிக் காக்க மகனுக்கு விருப்பம் இல்லை. அவன் வேண்டிக்கொண்டபடியே காவலர் அதனை எரித்தார்கள். குடும்பத்தின் பெயர் கெடக்கூடாதாம்.