லயத்துப் புகையும் நமது இலக்கியமும்

கோகிலம் சுப்பையா 1964-இல் எழுதிய மலையக நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்று பெயரிட்டார். பழமொழியின் மறுபாதியை வாசகரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டது பொருள் பொதிந்த செயல். தொலைவிலிருந்து நோக்குவோருக்கு ஹட்டனும் நுவரெலியாவும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். லயத்துக் காம்பராவில் அடுப்பின்முன் குந்தியிருக்கும் தாயின் கண்ணுக்கோ எரிச்சலே மிச்சம்.

இந்த எரிச்சலை நமது இலக்கியம் எவ்வளவு தூரம் கண்டுள்ளது? 'துன்பக் கேணி'யில் புதுமைப்பித்தன் தோட்டக் கொடுமையைத் தோலுரித்தார். 'வீடற்றவ'னில் சி. வி. வேலுப்பிள்ளை உழைப்பாளியின் போராட்டத்துக்கு உருக்கொடுத்தார். இவை நாம் போற்ற வேண்டிய சாதனைகள். ஆயினும் கங்காணிக்கும் துரைக்கும் முகம் உண்டு. புகைக்கு முகம் இல்லை. ஆகையால் நாம் படித்த கதைகள் பலவற்றில் அது வெறும் பின்னணியாகவே தேங்கிவிடுகிறது.

உண்மையில் புகைக்கும் வரலாறு உண்டு. மலைக்குளிருக்கு அஞ்சிக் கதவடைத்த சிறு காம்பரா. கவ்வாத்து மிலாறும் ஈரவிறகும் எரியும் அடுப்பு. புகைபோக்கி இல்லாத கூரை. பகலெல்லாம் கொழுந்து பறித்தவள் மாலையில் இந்தப் புகையைச் சுவாசிக்கிறாள். இடுப்பிலிருக்கும் குழந்தையும் சுவாசிக்கிறது. நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்கின்றன. குழந்தைக்கு நிமோனியா, தாய்க்குத் தீராத சுவாசநோய், கருவிலுள்ள சிசுவுக்கு எடைக்குறைவு ஆகிய அபாயங்கள் பெருகுகின்றன. 2020-இல் மட்டும் வீட்டுப் புகையால் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

2016-இல் நடந்த அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளுள் வளர்ச்சி குன்றியோர் 17.3 சதவீதம், தோட்டங்களிலோ 31.7 சதவீதம். இதற்குப் புகை மட்டுமே காரணமென்று நாம் சொல்லவில்லை. அரைவயிற்று உணவும், குறைந்த கூலியும், நெருக்கடியான குடியிருப்பும் சேர்ந்தே தாக்குகின்றன. இவை ஒரே சமூகத்தின்மீது குவிந்தது தற்செயலன்று. 1948-இன் சட்டம் அம்மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1949-இல் வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவன் யாரிடம் புகைபோக்கி கேட்பான்? 2003-இன் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஆனால் எத்தனையோ லயங்களில் அடுப்பு மாறவில்லை.

புகையை விதியென்று ஏற்கும் மனத்துக்கு அது மனிதர் ஆக்கிய அநீதியென்று உணர்த்துவதே எழுத்தாளனின் கடமை. அனுதாபக் கண்ணீர் இங்கே போதாது. கண்ணீர் அந்தக் காம்பராவில் ஏற்கெனவே நிறைய உண்டு. அது எந்த அடுப்பிலிருந்து, எந்தச் சட்டத்திலிருந்து, எவருடைய இலாபத்திலிருந்து வருகிறதென்று காட்டும் கதையையே நாம் எதிர்பார்க்கிறோம்.